பழைய துணியை மறுபடி புதுத்துணியாக்குவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

கண்ணாடியை உருக்குவதுபோல் பழைய சட்டையையும் புதுச்சட்டையாக்க முடியாதா என்று கேட்டிருக்கிறீர்கள். முடியும், ஆனால் சுலபமில்லை. சுத்தப் பருத்தியைக்கூட இயந்திரத்தில் கிழித்துப் பஞ்சாக்கும்போது இழை குட்டையாகிவிடும். குட்டை இழையில் நூற்ற நூல் சட்டென்று அறுந்துபோகும் என்பதால் புதுப்பஞ்சும் சேர்த்தே நூற்கிறார்கள். பருத்தியும் பாலியஸ்டரும் கலந்த துணி இன்னும் மோசம். இரண்டையும் பிரிக்க ரசாயன முறைதான் வேண்டும். அப்புறம் பட்டன், ஜிப் வேறு. உடைக்குப் போகும் மூலப்பொருளில் 1 சதவீதத்துக்கும் குறைவாகவே மறுபடி உடையாகிறது என்று பொருள்களை வீணாக்காமல் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவதை ஊக்குவிக்கும் எல்லன் மெக்கார்தர் அறக்கட்டளை 2017-இல் கணக்கிட்டது. லேபிளில் இருக்கும் ‘மறுசுழற்சி பாலியஸ்டர்’ பெரும்பாலும் பழைய துணியே அல்ல, பிளாஸ்டிக் பாட்டில்! என்னைக் கேட்டால், ஒரே வகை இழையில் துணி நெய்வதிலிருந்தே தொடங்க வேண்டும்.