பழைய கொரொல்லாவுக்குக் காசை எங்கே போடுறது?

தம்பி, ரொறன்ரோவில் முதல் குளிர்காலத்தையே இன்னும் பார்க்கவில்லை, அதற்குள் 2007 கொரொல்லா ஒன்று வாங்கிவிட்டீர். ஓட்டம் 2,60,000 கிலோமீற்றர், கையில் இன்னும் 2,000 டொலர். காரைத் தாழ்த்தவா, கண்ணாடியைக் கறுப்பாக்கவா, சத்தம் போடுற சைலன்சர் பூட்டவா, இல்லை எஞ்சினைத்தான் பார்க்கவா என்று கேட்டிருக்கிறீர். இந்த நாலுக்கும் முன்னால் ஒரு வேலை இருக்கு. ஏதாவது ஒரு கராச்சில் காரை மேலே தூக்கச் சொல்லி, கீழே நின்று நீரே அண்ணாந்து பாரும்.

ஊரில் நாங்கள் எஞ்சின் சத்தத்தைக் கேட்டுத்தான் காருக்கு விலை பேசுவம். யாழ்ப்பாணத்துப் பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் பழைய ஒஸ்ரின் கார் ஓட்டின ஆக்களுக்கு வேறெப்படி யோசனை போகும்! இங்கே எஞ்சின் கடைசியாகத்தான் சாகும். மார்கழியிலிருந்து பங்குனி வரை ரோட்டில் கொட்டுற உப்பு அடியைத் தின்றுகொண்டே இருக்கும். எஞ்சின் பூப்போல ஓட, அடி உக்கி, இரும்புக் கடைக்குப் போன கொரொல்லாக்கள் கனக்க.

கீழே நின்று பார்க்கவேண்டியது இவை: கதவுக்குக் கீழே ஓடுற பெட்டி, பின் சில்லு வளைவு, சஸ்பென்ஷன் பூட்டியிருக்கிற இரும்புச் சட்டம், காஸ் (இங்கே பெற்றோலுக்கு அதுதான் பேர்) அடிக்கிற வாயிலிருந்து தாங்கிக்குப் போற குழாய், எல்லாத்துக்கும் மேலாக பிறேக் ஒயில் குழாய்கள். ஸ்குறூ டிரைவர் பிடியால் மெல்லத் தட்டினால் நல்ல இரும்பு கணீரென்று சொல்லும், உக்கினது பொத்தென்று சொல்லும். பிறேக் குழாயில் செதில் செதிலாகக் கறள் எழும்பியிருந்தால் முதல் காசு அதற்குத்தான். மாற்றும்போது செம்பும் நிக்கலும் கலந்த குழாய் போடச் சொல்லும். அது கறள் பிடிக்காது, வளைக்கவும் லேசு.

கறள் அதிகமில்லையென்றால், உப்புக் கொட்டத் தொடங்க முன்னம், ஐப்பசி மட்டில், அடிக்கு ஒயில் அடிப்பியும். சொட்டுச் சொட்டாக வடிகிற மெல்லிய ஒயில்தான் நல்லது. மூலை முடுக்கெல்லாம் ஊர்ந்து போகும். ஒவ்வொரு வருசமும் அடிக்கவேணும். இரண்டு நாள் வாசலில் வடியும், வீட்டுக்காரர் முகத்தைச் சுளிப்பார், சமாளியும். தார் மாதிரிக் கறுப்பாகப் பூசுறதைப் பழைய காருக்குச் செய்யாதேயும். ஏற்கெனவே இருக்கிற கறளுக்கு மேல் பூசினால் ஈரம் உள்ளே அடைபட்டு, வெளியே அழகாக இருக்க உள்ளே உக்கும். கறளைத் தடுக்கும் என்று சொல்லி, பற்றறியில் கொழுவுற மின்சாரப் பெட்டியையும் விற்க வருவார்கள். அந்தக் காசுக்குக் கொத்துரொட்டி சாப்பிடலாம்.

எஞ்சினுக்கு வருவம். இது செயின் எஞ்சின், உள்ளே ரப்பர் பெல்ற்றுக்குப் பதிலாக இரும்புச் செயின். குறித்த ஓட்டத்துக்கு ஒருக்கால் ரைமிங் பெல்ற் மாற்றுகிற செலவு இல்லை. ஓட்டம் கூடினால் ஒயில் குடிக்கும், அதுதான் குணம். இரண்டு தரம் காஸ் அடித்தால் ஒரு தரம் ஒயில் குச்சியை இழுத்துப் பாரும். டாஷில் சிவப்பு லைற் எரியும்வரை காத்திராதேயும். அது ஒயில் அழுத்தம் விழுந்த பிறகுதான் எரியும். இன்னொன்று: இந்த எஞ்சினில் செயினை இறுக்குகிற ரென்ஷனரின் ரப்பர் வளையம் காய்ந்து ஒயில் கசியிறது பொதுவான விசயம். வளையம் மிகவும் மலிவு. அதைக் காட்டி ஆராவது எஞ்சினைக் கழற்றவேணும் என்றால் வேறு கராச்சுக்குப் போம். ஆனால் நீரே கழற்ற வெளிக்கிடாதேயும். ரென்ஷனரை உள்ளே அமத்திக் கொழுவிப் பூட்டத் தெரியாவிட்டால் செயின் பல்லுத் தாண்டும்.

ஸ்னோ ரயருக்குக் காசு ஒதுக்கும். 7 பாகைக்குக் கீழே சாதாரண ரயர் விறைத்துப் பிடிப்பை விட்டுவிடும், பனி கொட்டவேணும் என்றில்லை. அளவு 195/65, 15 அங்குலம். தனி இரும்பு றிம்மில் பூட்டி வைத்தால் வருசத்துக்கு இரண்டு தரம் ரயர் கழற்றுகிற கூலி மிச்சம். ஆரோ சிவிக் றிம்மை மலிவாகத் தாறன் என்றால் வாங்கிப்போடாதேயும். இரண்டிலும் ஐந்து ஓட்டைதான், ஆனால் உம்முடையதில் அந்த ஓட்டைகள் நிற்கிற வட்டத்தின் விட்டம் 100 மில்லிமீற்றர், 2006க்குப் பிந்தின சிவிக்கில் 114.3. ஸ்னோ ரயர் போட்டிருப்பதைக் காப்புறுதிக்காரருக்குச் சொல்லும்; 2016 இலிருந்து ஒன்ராறியோவில் அதற்குக் கட்டணத்தில் கழிவு கொடுக்கவேணும் என்று சட்டம்.

காசே செலவாகாத ஒரு வேலையும் இருக்கு, அதை இந்தக் கிழமையே செய்யும். 2003 தொடக்கம் 2013 வரையான கொரொல்லாக்கள் தக்காட்டா என்ற கம்பனி செய்த எயர்பாக்குக்கான திருப்பி அழைப்பில் (recall) வருகிறவை. பழசானால் உள்ளே இருக்கிற வெடிமருந்து கெட்டு, விபத்தில் இரும்புத் துண்டு பறக்கும். காரின் பதினேழு எழுத்து அடையாள இலக்கத்தை (VIN) ரொயோட்டா டீலரிடம் கொடுத்தால், மாற்றாமல் கிடந்தால் இலவசமாக மாற்றித் தருவினம். அந்த இலக்கம் 2 இல் தொடங்கினால் உம்முடைய ஜப்பான் கார் கனடாவில், கேம்பிரிட்ஜில் செய்தது. ஜே எழுத்தில் தொடங்கினால்தான் ஜப்பானிலிருந்து வந்தது.

இனி உம்முடைய ஆசைகள். தாழ்த்தல் வேண்டாம். பனி தள்ளுற லொறி வாசலில் விட்டுப் போற கட்டி வரம்பில் முன் பம்பர் கிழியும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்தின காருக்கு, பிறகு விற்கும்போது சேஃப்ரி, அதாவது கார் ஓட்டத் தகுந்தது என்ற சான்றிதழ், எடுக்கிறதும் கரைச்சல். சத்தச் சைலன்சருக்குப் பொலிஸ் மறிக்கும். வீதிச் சட்டத்தில் தேவையில்லாத சத்தம் குற்றம். முன் கதவுக் கண்ணாடியை, உள்ளே ஆள் தெரியாத அளவுக்குக் கறுப்பாக்கினாலும் அதே கதை. எதை மாற்றினாலும் காப்புறுதிக்காரருக்குச் சொல்லவேணும், சொல்லாமல் விட்டால் விபத்து நடந்த அன்றுதான் அதன் விலை தெரியும்.

செய்யத் தகுந்தவை இரண்டு. மங்கிப் போன ஹெட்லைற் கண்ணாடியைத் தேய்த்து மினுக்கும், அல்லது புதிது போடும். அதற்குள் வெள்ளை எல்.ஈ.டி. பல்ப் மட்டும் செருகாதேயும். எதிரே வாறவரின் கண்ணைத்தான் குத்தும். மற்றது, பழைய ரேடியோவைக் கழற்றி, புளூடூத்தும் பின் கமெராவும் சேர்ந்த திரை ஒன்று பூட்டும். அடி வேலையும் ரயரும் முடிந்து காசு மிஞ்சினால்.