சிட்டி லிமிட்டுக்கு அப்பால் சத்தம்: கேள்வி-பதில்

இம்முறை வந்தவற்றில் பெரும்பாலானவை அமெரிக்காவில் ஊருக்கு வெளியே இரண்டு மூன்று ஏக்கர் வாங்கிக் குடியேறியவர்களின் கடிதங்கள். எல்லாமே "அமைதியைத் தேடி வந்தோம்" என்றுதான் தொடங்குகின்றன.

கே: பக்கத்து வீட்டுப் பார்ட்டி பற்றி சிட்டி போலீஸுக்குச் சொன்னேன். "எங்கள் எல்லை இல்லை" என்று வைத்துவிட்டார்கள். எங்கள் முகவரியில் அந்த ஊர்ப் பெயர்தானே இருக்கிறது?

ப: முகவரியில் இருப்பது தபால் நிலையத்தின் பெயர். சொத்து வரி பில்லில் சிட்டி வரி இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் கவுண்டி (நம்மூர் மாவட்டம் மாதிரி) போலீஸான ஷெரிஃப்தான். அவசர எண்ணான 911 வேண்டாம், ஷெரிஃப் ஆபீஸின் சாதாரண எண்ணில் கூப்பிடுங்கள்.

கே: இரவு 10 மணிக்கு மேல் சத்தம் கூடாது என்று நாடு முழுக்கச் சட்டம் உண்டுதானே?

ப: கிடையாது. 1972-இல் மத்திய அரசு சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஒன்று போட்டது. அதைக் கவனித்த ஈ.பி.ஏ. (மத்திய சுற்றுச்சூழல் பாதுகாப்பு நிறுவனம்) பிரிவுக்கு 1980-களின் தொடக்கத்தில் பணம் நின்றுபோனது. அதன்பின் எல்லாம் மாநிலம், உள்ளூர் பாடு. கலிஃபோர்னியாவிலும் வட கரோலினாவிலும் கவுண்டியே சத்தத்துக்கு விதி போடலாம். டெக்சாஸில் மாநிலம் கொடுத்த அதிகாரத்துக்கு மேல் கவுண்டியால் அசைய முடியாது. நீங்கள் எந்த மாநிலம்? எந்தக் கவுண்டி? கடிதத்தில் இரண்டும் இல்லை. இதை எழுதாமல் கேட்பவர்களுக்கு நான் என்ன ஜோசியமா பார்த்துச் சொல்ல முடியும்?

கே: டெக்சாஸ். அரை மைலில் பிட்காயின் (டிஜிட்டல் நாணயம்) உருவாக்கும் கணினி மையம் வந்திருக்கிறது. கணினிகளைக் குளிர்விக்கும் விசிறிகள் 24 மணி நேரமும் ஓடுகின்றன. போன் ஆப்பில் 68 டெசிபல் காட்டுகிறது. ஷெரிஃப் ஆபீஸில் "85-ஐத் தாண்டவில்லை" என்கிறார்கள்.

ப: இந்த 85-ஐப் பற்றி யார் கேட்டாலும் எனக்குக் கோபம் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

டெக்சாஸ் தண்டனைச் சட்டம் 42.01 சொல்வது இதுதான்: இது பொதுத் தொல்லை என்று போலீஸோ மாஜிஸ்திரேட்டோ எச்சரித்த பிறகும் சத்தம் 85 டெசிபலைத் தாண்டினால், அது நியாயமற்ற சத்தம் என்று அனுமானிக்கலாம். அனுமானம், அவ்வளவுதான். 85-க்குக் கீழே என்றால் குற்றமே இல்லை என்று அதில் எழுதவில்லை. அப்போது நிரூபிக்கிற பாடு கூடுகிறது. அதைப் பல டெபுட்டிகள் (ஷெரிஃபின் போலீஸ்காரர்கள்) ஸ்பீட் லிமிட் மாதிரி படிக்கிறார்கள். அப்படியே நிரூபித்தாலும் அதிகபட்ச அபராதம் 500 டாலர். இராப்பகலாக ஓடுகிற கம்பெனிக்கு அது டீச்செலவு.

85 எந்த அளவு தெரியுமா? தொழிற்சாலையில் எட்டு மணி நேரம் அதில் நின்றால் காது கெடத் தொடங்கும் என்று வேலையிடச் சுகாதார நிறுவனமான நியாஷ் குறித்த வரம்பு அது. கட்டிலில் படுத்திருப்பவருக்கும் அதே கணக்கா? 1974-இல் ஈ.பி.ஏ. வீட்டுக்கு வெளியே இரவு பகல் சராசரி 55 டெசிபலுக்கு மேல் போகக் கூடாது என்று சொன்னது. இடைவெளி 30 டெசிபல். ஒலியாற்றலில் ஆயிரம் மடங்கு.

உங்கள் ஆப்பை நம்பி வழக்குப் போடாதீர்கள். போன் மைக் பேச்சைப் பிடிப்பதற்குச் செய்தது. மேலும் வழக்கமாக அளக்கும் 'ஏ' அளவுகோல் தாழ்ந்த சுருதி ஒலியைக் குறைத்தே எண்ணும். உங்கள் ஜன்னலை அதிர வைப்பதோ அந்த உறுமல்தான். அளவு சரிபார்த்த மீட்டரோடு ஒலிப் பொறியாளரைக் கூப்பிடுங்கள், தாழ்ந்த ஒலியை அவ்வளவு குறைக்காத 'சி' அளவிலும் எடுக்கச் சொல்லுங்கள். தேதி, நேரம், காற்றடித்த திசை எல்லாவற்றையும் நோட்டில் எழுதுங்கள். பிறகு சிவில் நீதிமன்றத்தில் தனியார் தொல்லை வழக்கு. டெக்சாஸில் ஹூட் கவுண்டியில் கிரான்பரி பக்கத்து மக்கள் இதே மாதிரி ஒரு பிட்காயின் மையத்தை எதிர்த்து 2024-இல் அந்த வழிக்குத்தான் போனார்கள். தனி நகரமாகிவிட்டால் விதி போடும் அதிகாரம் வருமே என்று அதற்கும் முயன்றார்கள். ஒரு விசிறிச் சத்தத்துக்காக ஊரையே உருவாக்க வேண்டியிருக்கிறது!

கே: பின்னால் உள்ள பண்ணையில் அறுவடைக் காலத்தில் தானியம் உலர்த்தும் இயந்திரம் இரவெல்லாம் ஓடுகிறது. போன வருடம்தான் குடிவந்தோம்.

ப: பண்ணை முதலில் வந்ததா, நீங்கள் முதலில் வந்தீர்களா? 50 மாநிலங்களிலும் பண்ணைப் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறது. டெக்சாஸில் ஒரு வருடமும் கலிஃபோர்னியாவில் மூன்று வருடமும் நடந்துவிட்ட பண்ணையைத் தொல்லை என்று அசைப்பது கடினம். வாங்குவதற்கு முன் ஒரு இரவு அங்கே போய் நின்று கேட்டிருக்க வேண்டும்.

கே: ரயில் ஹார்ன்?

ப: மத்திய விதி. லெவல் கிராஸிங்குக்கு 15-20 விநாடி முன்பே, 96 முதல் 110 டெசிபலில் ஊதியே ஆக வேண்டும். வழக்கமாக ஹார்ன் ஊதாத அமைதி மண்டலம் வேண்டுமென்றால் கவுண்டிதான் முயல வேண்டும். கிராஸிங் பாதுகாப்புக்குச் செலவும் உண்டு.

கே: பக்கத்துக்காரர் ஞாயிறு காலை துப்பாக்கி சுட்டுப் பழகுகிறார் (டெக்சாஸ், ஐந்து ஏக்கர் மனைப் பிரிவு).

ப: மாநிலம் எழுதியதற்கு நன்றி! மனைப் பிரிவுக்குள் 10 ஏக்கர் அல்லது அதற்குக் குறைந்த மனைகளில் சுடுவதைக் கவுண்டி கட்டுப்படுத்தலாம். உங்கள் கவுண்டி அப்படி உத்தரவு போட்டிருக்கிறதா என்று கமிஷனர்ஸ் கோர்ட்டில் (பெயர்தான் கோர்ட், அது கவுண்டி நிர்வாகக் குழு) கேளுங்கள். எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) இருந்தால் அதன் பத்திரத்தையும் படியுங்கள். இங்கும் அதே நோட்டு, தேதி, நேரம்.

கே: புதுமனை புகுவிழாவுக்கு நாதஸ்வரம், தவில். 60 பேர் வருவார்கள். அனுமதி வேண்டுமா? அதே டெக்சாஸ்தான்.

ப: சிட்டிக்கு வெளியே பெருங்கூட்டத்துக்குக் கவுண்டி அனுமதி கேட்கும் சட்டம் பொதுவாக 2,500 பேருக்கு மேல்தான். உங்கள் 60 பேருக்கு வேண்டாம். ஆனால் தவில் விடியற்காலையில் தொடங்குமென்றால் முதல் நாளே பக்கத்து வீடுகளுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வாருங்கள். வெறுங்கையோடு போக வேண்டாம்.