நடுவில் இருக்கும் கார் பாலிசி யாருக்குப் பொருந்தும்?

கேள்வி: என் கார் வாங்கி ஒன்பது வருடம் ஆகிறது. இதுவரை முழுக் காப்பீடுதான் எடுத்து வந்தேன். இந்த முறை புதுப்பிக்கப் போனபோது ஏஜென்ட், "பழைய வண்டிக்கு ஃபுல் பாலிசி எதற்கு? தேர்ட் பார்ட்டியோடு தீ, திருட்டு மட்டும் சேர்த்து நடுத்தரமாக ஒன்று இருக்கிறது, அதை எடுத்துக்கொள்ளுங்கள்" என்கிறார். எடுக்கலாமா?

பதில்: எடுக்கலாம். ஆனால் 'நடுத்தரம்' என்ற சொல்லை மட்டும் நம்பி எடுக்காதீர்கள். அதைக் கேட்டதும், முழுப் பாலிசி தருவதில் பாதியாவது இது தரும் என்று மனம் கணக்குப் போட்டுவிடும். அந்தக் கணக்கு தவறு.

தேர்ட் பார்ட்டி என்பது உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு நேரும் சேதத்துக்கு. உங்கள் காருக்கு அதில் எதுவும் கிடையாது. பிரிட்டன் 1930-ஆம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் அதைக் கட்டாயமாக்கியதே, அடிபட்டவர் இழப்பீடு கிடைக்காமல் தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான். நடுப் பாலிசி அதோடு இரண்டு விஷயங்களைச் சேர்க்கிறது: உங்கள் கார் தீப்பிடித்தாலோ திருடு போனாலோ பணம் தரும். உங்கள் கார் மோதி நசுங்கினால் தருவது முழுப் பாலிசி மட்டும்தான்.

அதாவது, அரிதாக வரும் இரண்டு ஆபத்துகளுக்கு நடுப் பாலிசியில் நல்ல காவல் இருக்கிறது. அடிக்கடி வரும் ஆபத்துக்குக் காவலே இல்லை. பார்க்கிங் தூணில் உரசி ஃபெண்டர் மடங்கினால் உங்கள் செலவு. ஈரச் சாலையில் வழுக்கிப் பள்ளத்தில் இறங்கினாலும் உங்கள் செலவு. வெள்ளத்தில் நின்ற வண்டி, மரம் விழுந்த வண்டி இவையும் பெரும்பாலான நடுப் பாலிசிகளில் சேராது. சேரும் என்று யாராவது சொன்னால் பாலிசித் தாளில் அந்த வரியைக் காட்டச் சொல்லுங்கள்.

இதைத் தெரிந்துகொண்ட பிறகு ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். காரின் இன்றைய மதிப்பை 100 என்று வைத்துக்கொள்வோம். நடுப் பாலிசியின் பிரீமியம் 4, முழுப் பாலிசியின் பிரீமியம் 10; வித்தியாசம் 6. முழுப் பாலிசியில் கிளெய்ம் செய்தால் முதல் 10-ஐ நீங்களே போட வேண்டும் என்று நிபந்தனை. அப்படியானால் வண்டி முழுதாக நொறுங்கிப் போனால்கூட உங்கள் கைக்கு வருவது 90-தான். வருடத்துக்கு 6 வீதம் 15 வருடம் கட்டினால் அந்த 90 நீங்களே கட்டிய பணமாகிவிடும். ஒன்பது வயதான வண்டி இன்னும் 15 வருடம் ஓடுமா? அதற்குள் அதன் மதிப்பும் இறங்கிக்கொண்டே போகும். இந்தக் கணக்கு வந்தால் ஏஜென்ட் சொல்வது சரி. வித்தியாசம் 6-க்குப் பதிலாக 2 மட்டும் என்றால் 45 வருடம் ஆகும். அப்போது யோசிக்காமல் முழுப் பாலிசியைத் தொடருங்கள். என் எண்களை விட்டுவிட்டு உங்கள் கொட்டேஷனில் இருப்பவற்றைப் போட்டுப் பாருங்கள்.

கொட்டேஷன் வாங்கும்போது மூன்று வகைக்கும் கேளுங்கள். சில சமயம் முழுப் பாலிசியே நடுப் பாலிசியைவிட மலிவாக வரும். இது தட்டச்சுப் பிழை அல்ல. கிளெய்ம் அதிகம் வரக்கூடிய ஓட்டுநர்கள் பலர் பணத்தை மிச்சம் பிடிக்கக் கீழ்மட்டப் பாலிசிகளுக்குப் போகிறார்கள். அதனால் அந்தப் பாலிசிகளின் விலை ஏறிவிடுகிறது. பிரிட்டனில் இப்படி நடப்பது பலரும் அறிந்த விஷயம்.

கடைசியாக, கணக்கில் வராத ஒரு கேள்வி. நாளைக்கே உங்கள் தவறால் கார் நொறுங்கிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். கையில் இருக்கும் சேமிப்பில் இன்னொரு பழைய காராவது வாங்க முடியுமா? அல்லது சில மாதம் பஸ்ஸில் போய்ச் சமாளிக்க முடியுமா? முடியும் என்றால் நடுப் பாலிசி உங்களுக்கானது. அந்தக் கார்தான் உங்கள் பிழைப்பு என்றால், மேலே போட்ட கணக்கு என்ன சொன்னாலும் முழுப் பாலிசியை விடாதீர்கள். காரின் மேல் கடன் பாக்கி இருந்தால் பேச்சே இல்லை. கடன் கொடுத்தவர்கள் பெரும்பாலும் முழுப் பாலிசிதான் வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள்.

கேள்வி: திருட்டுக்குப் பணம் உண்டு என்கிறார்களே, எல்லாத் திருட்டுக்குமா? இன்ஜின் ஓடிக்கொண்டிருக்க, கேட்டைத் திறக்க இறங்கும் நேரத்தில் ஒருவன் ஏறி ஓட்டிக்கொண்டு போய்விட்டால்? கார் போகாமல் உள்ளே இருக்கும் பொருள் மட்டும் போனால்?

பதில்: முதல் கேள்விக்குப் பெரும்பாலும் பணம் வராது. சாவியை வண்டியிலேயே விட்டு இறங்கினால் கிளெய்ம் இல்லை என்ற வரி ஏராளமான பாலிசிகளில் இருக்கிறது. 'ஆளில்லாத வண்டி' என்றால் என்ன என்பதில்தான் தகராறு வரும். நீங்கள் பத்தடி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தாலும் அது ஆளில்லாத வண்டிதான் என்று அவர்கள் வாதாடலாம். சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கும் பழக்கத்தை இன்றே தொடங்குங்கள்.

இன்னொரு பள்ளமும் இருக்கிறது. வண்டியை விற்க விளம்பரம் கொடுக்கிறீர்கள். வாங்க வந்தவர் ஒரு ரவுண்டு ஓட்டிப் பார்க்கிறேன் என்று சாவியை வாங்கிப் போகிறார், திரும்பி வரவில்லை. உங்களுக்கு அது திருட்டு. பல பாலிசிகளுக்கு அது மோசடி. சாவியை நீங்களாக மனமொப்பிக் கொடுத்தீர்கள் என்று கைவிரித்துவிடுவார்கள். ஓட்டிப் பார்க்க வருபவரோடு நீங்களும் ஏறி உட்காருங்கள்.

திருட்டு முயற்சி பற்றி என் சொந்த அனுபவத்தைச் சொல்கிறேன். ஒரு நாள் காலையில் கதவைத் திறந்தால் பின் சீட்டெல்லாம் கல் உப்பைக் கொட்டிய மாதிரி கண்ணாடித் துணுக்குகள். பின் கதவை ஒட்டிய சின்ன முக்கோணக் கண்ணாடியை உடைத்துக் கையை விட்டிருக்கிறார்கள். ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த பிளாஸ்டிக் மூடி ஒற்றை ஸ்குரூவில் தொங்கியது. உள்ளிருந்து சிவப்பும் மஞ்சளுமாய் ஒயர்கள் வெளியே கிடந்தன. சாவித் துவாரத்தில் எதையோ குத்தித் திருகியதில் அதன் வாய் பிளந்திருந்தது. வண்டி கிளம்பவில்லை, அதனால் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். வண்டி திருடு போகவில்லையே, பணம் எப்படித் தருவார்கள் என்று பயந்துகொண்டே பாலிசியைப் பிரித்தேன். 'திருட்டு அல்லது திருட்டு முயற்சியால் ஏற்படும் சேதம்' என்று எழுதியிருந்தது. அந்த 'முயற்சி' என்ற ஒரு சொல்லால் கண்ணாடி, பூட்டு, ஒயரிங் மூன்றுக்கும் பணம் வந்தது. பின் சீட்டில் கிடந்த பைக்கு வரவில்லை, அது காரின் பாகம் இல்லையாம். உங்கள் பாலிசியில் அந்தச் சொல் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லையென்றால் வேறு நிறுவனத்தைத் தேடுங்கள். முழு வண்டி போகாமல் சக்கரமோ ஸ்டீரியோவோ மட்டும் போனால் உண்டா என்பதையும் சேர்த்தே கேளுங்கள். இதில் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபாடு இருக்கிறது.

வண்டியே போய்விட்டால் அன்றைக்கே போலீஸில் புகார் கொடுத்துவிட்டு நிறுவனத்துக்கும் சொல்லிவிடுங்கள். காரின் எல்லாச் சாவிகளையும் ஒப்படைக்கச் சொல்வார்கள். இரண்டாவது சாவி எங்கே என்று கேட்கும்போது விழிக்கக் கூடாது. செகண்ட் ஹேண்டில் ஒரே சாவியோடு வாங்கியிருந்தால் அதை முதலிலேயே எழுதிக் கொடுத்துவிடுங்கள். பணம் உடனே வராது. வண்டி கிடைக்கிறதா என்று சில வாரங்கள் பார்த்துவிட்டுத்தான் தருவார்கள். பணம் வாங்கிய பிறகு வண்டி கிடைத்தால் அது நிறுவனத்துக்குச் சொந்தம்.

கேள்வி: பானெட்டுக்குள் புகை வந்து ஒயர்கள் எல்லாம் கருகிவிட்டன. இது 'தீ' கணக்கில் வருமா?

பதில்: ஒயர் தீப்பற்றி அந்தத் தீ பரவியிருந்தால் வரும். ஷார்ட் சர்க்யூட்டால் ஒரு பாகம் தானாகச் செயலிழந்ததோடு நின்றிருந்தால், அது மின்கோளாறு என்று ஒதுக்கிவிடும் பாலிசிகள் நிறைய. இன்ஜின் சூடேறி ஜாம் ஆவது தீ அல்ல. எலி கடித்த ஒயராக இருந்தால், கடித்த ஒயரை மாற்றும் செலவு உங்களுடையது. அதனால் பற்றிய தீயில் எரிந்தவற்றுக்குக் கேட்டுப் பார்க்கலாம். சேதத்தை மதிப்பிட நிறுவனம் அனுப்பும் சர்வேயர் வந்து பார்க்கும் வரை மெக்கானிக்கை எதையும் கழற்ற விடாதீர்கள். கருகிய இடத்தைப் பல கோணங்களில் போட்டோ எடுத்து வையுங்கள். தீ எங்கே தொடங்கியது என்பதைக் கரிதான் சொல்லும். கழற்றித் துடைத்துவிட்டால் சொல்ல அங்கே எதுவும் இருக்காது. வெளியில் வாங்கிப் போட்ட ஹெட்லைட், ஹார்ன், ஆடியோ எல்லாவற்றையும் பாலிசி எடுக்கும்போதே எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். தீ விபத்தில் அவர்கள் முதலில் தேடுவது அந்த ஒட்டுவேலை ஒயரிங்கைத்தான்.

கேள்வி: பாலிசியில் காரின் மதிப்பை நான் எவ்வளவு என்று போட வேண்டும்? கூடப் போட்டால் கூடக் கிடைக்குமா?

பதில்: கிடைக்காது. 'சந்தை மதிப்பு' என்று எழுதிய பாலிசியில், சம்பவம் நடந்த அன்றைக்கு அதே மாடல், அதே வயது, அதே ஓட்டம் உள்ள வண்டி என்ன விலைக்குப் போகுமோ அதுதான் கிடைக்கும். கூடப் போட்டால் பிரீமியம்தான் கூடும். குறைத்துப் போட்டால் திருடு போன அன்று நீங்கள் எழுதிய தொகையோடு நிறுத்திவிடுவார்கள். முன்கூட்டியே ஒரு தொகையை இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் பாலிசியும் உண்டு. நன்றாகப் பராமரித்த பழைய வண்டிக்கு அது நல்லது.

திருட்டுக்காகவே பெரும்பாலோர் நடுப் பாலிசி எடுக்கிறார்கள் என்பதால் இந்த எண்ணில் அக்கறை காட்டுங்கள். புதுப்பிக்கும் வாரத்தில், விற்பனைக்கு வந்திருக்கும் உங்கள் மாடல் வண்டிகள் நாலைந்தின் விலையைப் பார்த்துக் குறித்து வையுங்கள். பின்னால் அவர்கள் குறைவாகச் சொன்னால் எடுத்துக் காட்டிப் பேச அது உதவும்.

கேள்வி: என்மீது தவறே இல்லை, பின்னால் வந்தவர் இடித்துவிட்டார். நடுப் பாலிசி வைத்திருப்பவருக்கு ஒன்றும் கிடையாதா?

பதில்: உங்கள் பாலிசியிலிருந்து கிடையாது. அவருடைய தேர்ட் பார்ட்டி காப்பீட்டிலிருந்து உண்டு. அவருக்கு நீங்கள்தானே மூன்றாம் நபர். முழுப் பாலிசி இருந்திருந்தால் உங்கள் நிறுவனம் முதலில் வண்டியைச் சரிசெய்து கொடுத்துவிட்டு, அவர் நிறுவனத்திடம் அதுவே வசூலித்துக்கொள்ளும். நடுப் பாலிசியில் அந்த அலைச்சல் முழுக்க உங்களுடையது. அதனால் இடித்தவுடன் சண்டையை விட்டுவிட்டு அவரது வண்டி எண், பாலிசி விவரம், இரண்டு வண்டிகளும் நின்ற நிலையில் போட்டோ, பார்த்தவர் ஒருவரின் போன் நம்பர் இவற்றை வாங்கிவிடுங்கள். அவரிடம் பாலிசியே இல்லாமலிருந்தால் பணம் வாங்குவது மிகவும் கஷ்டம். நடுப் பாலிசி எடுப்பவர் இந்த இழப்பையும் தாங்க முடியுமா என்று யோசித்துத்தான் எடுக்க வேண்டும்.

கேள்வி: கார் என் பெயரில். ஓட்டப் போவது புதிதாக லைசென்ஸ் எடுத்த என் மகன். அவன் பெயரைப் போட்டால் பிரீமியம் ஏறுகிறது. என்னையே முதன்மை ஓட்டுநராகக் காட்டிவிடலாமா அண்ணா?

பதில்: வேண்டாம்மா. பிரீமியம் ஏறும்போது வரும் வேதனை புரிகிறது. ஆனால் 1766-இல் லண்டனில் நீதிபதி மான்ஸ்ஃபீல்டு ஒரு காப்பீட்டு வழக்கில் சொன்ன கருத்து இன்றைக்கும் காப்பீட்டுச் சட்டத்தின் அடித்தளமாக இருக்கிறது: ஆபத்தின் அளவைக் கணிக்கத் தேவையான தகவல் பெரும்பாலும் காப்பீடு எடுப்பவரிடமே இருப்பதால், அவர் அதை மறைக்கக் கூடாது. தினமும் கல்லூரிக்கு மகன்தான் ஓட்டிப் போகிறான் என்று பின்னால் தெரிந்தால் பாலிசியையே ரத்து செய்யலாம். திருடு போன காருக்குப் பணம் வராமல் போவதாவது ஒரு காரோடு போகும். மகன் யாரையாவது இடித்துவிட்டு, நிறுவனம் அந்த இழப்பீட்டை உங்களிடமே திருப்பிக் கேட்டால் வீட்டையே விற்க வேண்டி வரலாம். அவன் பெயரை ஒழுங்காகப் போடுங்கள். செலவைக் குறைக்க வேண்டுமென்றால் சின்ன இன்ஜின் வண்டி, பூட்டிய இடத்தில் பார்க்கிங், நல்ல அலாரம் இவற்றுக்குத் தள்ளுபடி உண்டா என்று கேளுங்கள்.

கேள்வி: முழுப் பாலிசியிலிருந்து நடுப் பாலிசிக்கு மாறினால் இதுவரை சேர்த்த நோ கிளெய்ம் போனஸ் போய்விடுமா? வருட நடுவில் மாறலாமா?

பதில்: கிளெய்ம் செய்யாத வருடங்களுக்காகப் பிரீமியத்தில் கிடைக்கும் அந்தத் தள்ளுபடி பொதுவாக உங்கள் பெயரோடு வரும்; ஆனால் நடுப் பாலிசியில் இருக்கும் வருடங்களையும் சேர்த்து எண்ணுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். வருட நடுவில் மாறலாம்தான். ஆனால் ரத்துக் கட்டணம் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவதால் மிச்சம் பெரிதாக இருக்காது. புதுப்பிக்கும் தேதி வரை காத்திருங்கள். அதற்கு மூன்று வாரம் முன்பே கொட்டேஷன் வாங்கத் தொடங்குங்கள். புதுப் பாலிசி தொடங்கும் தேதியும் நேரமும் பழையது முடியும் நேரத்தோடு இடைவெளி இல்லாமல் ஒட்டி வருகிறதா என்று தாளில் பார்த்த பிறகே பழையதை விடுங்கள்.