அறைகூவுகிறவன் எதை வைக்கிறான்?

அன்புள்ள ஆசிரியருக்கு,

மொழிபெயர்ப்பு வேலையில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். சவாலான வேலைதான். ஒரு சந்தேகம். 'அறைகூவல்' என்றால் சவாலா, அழைப்பா? அகராதி 'போருக்கு அழைத்தல்' என்கிறது. செய்திகளிலோ 'ஒன்றுதிரள அறைகூவல் விடுத்தார்' என்று வருகிறது. இது பிழையா? சவால் தமிழ்ச்சொல் இல்லை என்பதால் எல்லா இடத்திலும் அறைகூவல் என்றே எழுதிவிடலாமா? 'அறைகூவுதல்' சரியா, 'அறைகூவல் விடுத்தல்' சரியா?

ம.

அன்புள்ள ம.,

இந்த வினைச்சொல் சில வாரங்களாக என் மண்டைக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் உங்கள் கடிதத்துக்கு உடனே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுகிறேன். இரண்டும் சரி. 'அறைகூவினார்' என்று ஒரே சொல்லில் முடிகிற இடத்தில் இரண்டு சொல் எதற்கு? அவ்வளவுதான்.

செய்தியில் வருவதும் பிழையில்லை. அறைதல் என்றால் அடிப்பது, முழக்குவது, சொல்வது. முரசறைதல், பறையறைதல் எல்லாம் அந்த அறைதல்தான். ரகசியம் காக்கத் தெரியாத கயவர்களை 'அறைபறை அன்னர்', அதாவது அடிக்கப்படும் பறை போன்றவர்கள், என்கிறார் வள்ளுவர். ஆக, நாலு பேர் காதில் விழ, உரக்கக் கூப்பிடுவது அறைகூவல். மாணிக்கவாசகர் திருவண்டப்பகுதியில் 'அறைகூவி ஆட்கொண்டருளி' என்று பாடுகிறார். அங்கே இறைவன் சண்டைக்குக் கூப்பிடவில்லை. வலிய வந்து, கூவி அழைத்து, தன்னவனாக்கிக்கொள்கிறான். பகைவனையும் அடியவனையும் ஒரே வினையால் அழைக்க முடிகிற மொழி நம்முடையது. அதை நினைத்தாலே எனக்குச் சிலிர்க்கிறது.

அடுத்து, சவால். இங்கேதான் உங்கள் மேல் கோபம் வருகிறது. அரபு மொழியில் அதற்குக் கேள்வி என்று பொருள். இந்தியில் இன்றும் கேள்விதான். நம்மிடமும் தெலுங்கிலும் கன்னடத்திலும் அது போட்டிக்கு இழுப்பதாக மாறிவிட்டது. எத்தனை வாய்கள் பேசிப் பேசி அந்தப் பொருள் வந்திருக்கும்! அதன் பூர்வீகத்தை விசாரித்து வெளியே தள்ளுவது மொழிப்பற்று இல்லை. மொழிபெயர்க்க வந்த நீங்கள் இதைச் செய்யவே கூடாது.

சரி, நான் யோசித்துக்கொண்டிருந்தது வேறு. இன்று யார் யாரையோ பார்த்து 'சவால் விடுகிறேன்' என்கிறார்கள். பெரும்பாலும் அது சவால் இல்லை, சீண்டல். சீண்டுவது, வம்புக்கு இழுப்பது, மிரட்டுவது, சவால் விடுவது எல்லாம் வேறு வேறு வினைகள். சீண்டுகிறவன் எதையும் இழக்கப்போவதில்லை. சவால் விடுகிறவன் தன்னுடையது ஒன்றை நடுவில் வைத்தாக வேண்டும்.

புறநானூற்றின் 72-ஆவது பாட்டைப் பாருங்கள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன் பாடியது. பகைவர்கள் அவனை 'இளையன் இவன்' என்று மனம் நோகப் பேசிவிட்டார்கள். அவன் வஞ்சினம் உரைக்கிறான், அதாவது சபதம் செய்கிறான். அவர்களை என்ன செய்வேன் என்று சொல்வதைவிட, செய்யாவிட்டால் தனக்கு என்ன ஆகட்டும் என்றுதான் நீளமாகச் சொல்கிறான். என் குடிகள் கண்ணீர்விட்டு 'எங்கள் அரசன் கொடியவன்' என்று தூற்றட்டும். மாங்குடி மருதன் தலைமையிலான புலவர்கள் என் நாட்டைப் பாடாமல் போகட்டும். கேட்டு வருபவர்களுக்குக் கொடுக்க முடியாத வறுமை எனக்கு வரட்டும். எண்ணிப் பாருங்கள், பகைவர்களுக்கு இரண்டு மூன்று வரிதான், தனக்கு மூன்று சாபம்! அதிலும் இறுதியாக வைத்தது கொடுக்க முடியாமல் போவதை. ஒரு மனிதன் எதை உயிராக நினைக்கிறான் என்பது அவன் விடுகிற சவாலில் தெரிந்துவிடும்.

பள்ளியில் படிக்கும்போது, வகுப்பில் திக்கித் திக்கிப் பேசும் பையன் ஒருவனிடம் 'என்னோடு செய்யுள் ஒப்பிக்க வருகிறாயா, சவால்' என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். பிள்ளைகள் சிரித்தார்கள். பின்னால் நின்றிருந்த தமிழாசிரியர் திட்டவில்லை. 'நீ தோற்றால் என்ன தருவாய்?' என்று மட்டும் கேட்டார். என்னிடம் பதில் இல்லை. தோற்கவே முடியாத இடம் பார்த்துத்தானே கத்தினேன்? அந்தப் பையனிடம் நான் மன்னிப்புக் கேட்கவே இல்லை. வகுப்பு மாறியது, அப்புறம் பள்ளி மாறியது. இத்தனை வருஷம் கழித்தும், யாராவது மேசையைத் தட்டிச் சவால் விடும்போது எனக்கு அவனுடைய குனிந்த தலைதான் தெரிகிறது.

எங்கேயோ போய்விட்டேன். உங்கள் கடிதத்தில் நீங்கள் கேட்காத ஓர் இடம் என்னை உறுத்துகிறது. 'சவாலான வேலைதான்' என்று எழுதியிருக்கிறீர்கள். யார் உங்களுக்குச் சவால் விட்டார்கள்? ஆங்கிலத்தில் அப்படிச் சொல்கிறார்கள், நாமும் கடினமானது, சிக்கலானது, அலுப்பானது எல்லாவற்றையும் அந்த ஒரே பைக்குள் போட்டுக் கட்டிவிடுகிறோம். வேலை கஷ்டமாக இருந்தால் கஷ்டமாக இருக்கிறது என்றே எழுதலாம், அதில் குறைவு ஒன்றுமில்லை. அப்படி எழுதியிருந்தால் இந்தப் பதிலே வேறு மாதிரி இருந்திருக்கும். என்ன கஷ்டம், நேரமா, கூட இருப்பவர்களா, சொல் கிடைக்காததா? அடுத்த கடிதத்தில் அதை எழுதுங்கள்.