கறுப்பு வெள்ளை பிலிமைக் கொடுத்தால் பிரிண்ட் ஏன் பச்சையடிக்கிறது?

நடுநிலைப் பிரிண்ட் என்றால் சாம்பல் சாம்பலாகவே தெரிவது. பச்சையோ பழுப்போ அதில் எட்டிப் பார்க்கக் கூடாது.

பெரும்பாலான போட்டோ லேப்கள் கறுப்பு வெள்ளைப் படத்தையும் கலர் தாளில்தான் அச்சிடுகின்றன. அந்தத் தாளில் கறுப்புச் சாயமே கிடையாது. மஞ்சள், மெஜந்தா (ஊதா கலந்த சிவப்பு), சயான் (பச்சை கலந்த நீலம்) மூன்றும் சரியான அளவில் சேர்ந்தால்தான் சாம்பல் பிறக்கும். மூன்று வண்ணங்களைக் குழைத்துச் சாம்பல் நிறம் செய்து பாருங்கள்: ஒன்று ஒரு சொட்டு கூடினாலும் கண் கண்டுபிடித்துவிடும். பென்சிலால் தீட்டினால் அந்தத் தொல்லையே இல்லை. வெள்ளித் துகள்களால் படம் உருவாகும் அசல் கறுப்பு வெள்ளைத் தாள் அந்தப் பென்சில் மாதிரி. கலர் படத்திலும் இதே பிசகு உண்டு. ஆனால் அது சட்டைக்குள்ளும் வானத்துக்குள்ளும் ஒளிந்துகொள்ளும்.

ஸ்கேன் செய்த படத்தை நிறமற்றதாக மாற்றச் சொன்னால் பாதிச் சிக்கல் தீரும். மீதி, இயந்திரத்தை லேப் எவ்வளவு ஒழுங்காகச் சரிபார்க்கிறது என்பதில் இருக்கிறது. பிரிண்டை ஜன்னல் வெளிச்சத்தில் பார்த்துவிட்டுக் குறை சொல்லுங்கள், விளக்கொளி ஏமாற்றும்.

பிலிம் கெட்டுவிட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அதே நெகட்டிவைக் கறுப்பு வெள்ளைத் தாளில் அச்சிட்டால் அந்தப் பச்சை காணாமல் போய்விடும்.