மூங்கில் மண்டிய காட்டில் மரம் வெட்டலாமா? பிரேசிலின் அக்ரே மாநிலம் குறித்த கேள்வி பதில்

மூங்கில் காட்டில் வெட்டுவதற்கு மரம் ஏது, ஐயா?

அது மூங்கில் மட்டுமே உள்ள காடு அன்று. அக்ரேயிலும் அதையொட்டிய பெரு, பொலிவியப் பகுதிகளிலும் சுமார் 1,60,000 சதுர கிலோமீட்டர் பரப்பில், மரங்களுக்கிடையே ‘குவாதுவா’ என்னும் முள்மூங்கில் பரவியிருக்கிறது. ஊர்மக்கள் அதைத் ‘தபோக்கா’ என்பர். அடியில் நிமிர்ந்து எழும் கழி, மேலே போகப்போகத் தன் பாரம் தாங்காமல் பக்கத்து மரத்தைப் பற்றிச் சாய்கிறது. அந்தச் சுமையில் இளமரங்கள் முறிந்துபோவதால் இங்கு மரங்கள் இயல்பிலேயே குறைவு.

அரசு விதிப்படி வெட்டினால் போதாதா?

போதாது என்பதே என் கருத்து. மரத்தை இழுக்க இயந்திரம் பயன்படுத்தாத சிறு திட்டத்திற்குப் பிரேசில் விதி ஹெக்டேருக்கு 10 கன மீட்டர் வரை அனுமதித்து, அதே இடத்தில் மீண்டும் வெட்ட 10 ஆண்டுச் சுழற்சி வைத்திருக்கிறது. பெருந்திட்டத்திற்கு 30 கன மீட்டர், 25 முதல் 35 ஆண்டு. இவற்றின் அடியில் உள்ள கணக்கு, காடு ஆண்டுக்கு ஹெக்டேருக்கு 0.86 கன மீட்டர் அளவுக்கு மீண்டும் வளரும் என்பது. வெட்டிய மரத்தின் இடத்திற்கு வரவேண்டிய நடுத்தர மரங்கள் அரிதாக உள்ள தபோக்காக் காட்டில் அந்த எண்ணை நம்பி இறங்குபவர், இரண்டாம் சுற்றில் ஏமாறுவார்.

ஒரு மரம் சாய்ந்தால் வெளிச்சம் விழுந்து நாற்றுகள் எழும்தானே?

மற்ற காடுகளில் எழும். இங்கே அந்த வெளிச்சத்திற்கு முதலில் ஓடிவருவது மூங்கில். மண்ணுக்கடியில் தயாராக இருக்கும் கிழங்கிலிருந்து சில மாதங்களிலேயே கழி உயர்ந்துவிடும்போது, விதையிலிருந்து முளைத்த நாற்று அதனோடு போட்டியிட இயலாது. ஆகவே எத்தனை மரம் வெட்டினோம் என்பதைவிட, எவ்வளவு வானத்தைத் திறந்துவிட்டோம் என்பதையே பார்க்க வேண்டும். அடுத்தடுத்து நிற்கும் இரு மரங்களை வீழ்த்தக் கூடாது. கொடிகளை முன்கூட்டியே அறுத்து, மரம் விழும் திசையைத் தீர்மானித்துக்கொள்ள வேண்டும். விழுந்த இடத்திலேயே பலகையாக அறுத்து மாட்டைக் கொண்டு இழுத்தால் அகலமான பாதை தேவைப்படாது. 1990களில் அக்ரேயின் பெத்ரோ பெய்ஷோத்து குடியேற்றப் பகுதியில் எம்பிராப்பா என்னும் பிரேசில் வேளாண் ஆய்வு நிறுவனம் சிறுவிவசாயிகளோடு முயன்றது இத்தகைய எளிய முறையைத்தான்.

மூங்கில் பூத்து மடியும் காலத்தில் என்ன செய்வது?

ஏறத்தாழ 28 ஆண்டுகளுக்கு ஒருமுறை, ஒரு பகுதி மூங்கில் முழுவதும் ஒருசேரப் பூத்து மடிகிறது. (மூங்கிலரிசி பொறுக்கிய நம் மலைக்கிராமத்தாருக்கு இது புதிதன்று.) அடுத்த சில ஆண்டுகள் இளமரங்களுக்குக் கிடைக்கும் அரிய இடைவேளை, புதிய மூங்கில் நாற்றுகள் தலையெடுக்கும் முன் அவை உயர்ந்துகொள்ள வேண்டும். எனவே நான் விதியின் 10 ஆண்டைவிட மூங்கிலின் வயதைக் கேட்டே வெட்டும் ஆண்டைத் தீர்மானிப்பேன். மடிந்தவுடன் கோடரியை ஓய்வில் வைத்து, நல்ல இளமரங்களைச் சுற்றியுள்ள கொடிகளை மட்டும் நீக்குவேன். காய்ந்த கழி நல்ல விறகு என்பதை மறக்கலாகாது. 2005ஆம் ஆண்டு வறட்சியில் அக்ரேயில் வயலுக்கு வைத்த நெருப்பு காட்டுக்குள் புகுந்து பெரும்பரப்பை எரித்தது.

மூங்கிலையே வெட்டி விற்கலாமே?

கொலம்பியாவில் வீடு கட்டும் குவாதுவா வேறு இனம். இங்குள்ளது முள்ளும் வளைவுமாக இருப்பதால் விலை போவது கடினம். அதைவிட, பிரேசில் கொட்டை பொறுக்குவதும் ரப்பர் பால் எடுப்பதும் ஆண்டுதோறும் கைக்கு வரும் வருமானம். அவ்விரு மரங்களையும் காட்டில் வெட்டுவதைச் சட்டமே தடுக்கிறது.