கை முழுதாகத் திரும்பும் வரை காத்திருக்க வேண்டுமா?

கேள்வி: என் தந்தைக்கு 61 வயது, மளிகைக் கடை நடத்தி வந்தவர். நான்கு மாதங்களுக்கு முன் பக்கவாதம் வந்து வலது கையும் காலும் செயலிழந்தன. பிசியோதெரபியால் இப்போது கைத்தடியுடன் வீட்டுக்குள் நடக்கிறார். ஆனால் ஊட்டுவது, குளிப்பாட்டுவது, உடுத்திவிடுவது எல்லாம் அம்மாதான். ஆக்குபேஷனல் தெரபி நிபுணரையும் பார்க்கும்படி மருத்துவர் சொல்கிறார். பிசியோதெரபி நடக்கும்போது இது எதற்கு? கை சரியானால் இவற்றையெல்லாம் அவரே செய்துகொள்ள மாட்டாரா?
– வாசகி, கரூர்

பதில்: மருத்துவர் சொன்னபடி உடனே பாருங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு மீட்சி முதல் மூன்று மாதங்களில் வேகமாகவும், ஆறாவது மாதம் வரை ஓரளவு வேகமாகவும் நடக்கிறது. அதன் பிறகும் முன்னேற்றம் உண்டு என்றாலும் வேகம் குறைந்துவிடும். நடக்கும் அளவுக்குக் கால் தேறியவர்களிலும் பலருக்குக் கை, குறிப்பாக விரல்கள், பின்தங்கியே நிற்கின்றன. ஆகவே கை முழுதாகத் திரும்பட்டும் என்று காத்திருந்தால், திரும்பக்கூடிய அளவும் பயிற்சியின்றி வீணாகும்.

பிசியோதெரபி நிபுணர் தசையின் வலு, மூட்டின் அசைவு, சமநிலை, நடை ஆகியவற்றை மீட்டுத் தருகிறார். அந்த வலுவையும் சமநிலையையும் கொண்டு ஒருவர் பல் துலக்கவும், சட்டை அணியவும், கழிப்பறைக்குப் போய் வரவும் வழி செய்வது ஆக்குபேஷனல் தெரபி நிபுணரின் பணி. அவர் தசையை மட்டும் பார்ப்பதில்லை. இடது மூளை பாதிக்கப்பட்டு வலப்பக்கம் செயலிழந்த சிலருக்குப் பேச்சு தடைபடுவதுடன், வலு இருந்தும் செய்முறை குழம்பிப்போகும். பல் துலக்கும் பிரஷ்ஷைக் கையில் கொடுத்தால் என்ன செய்வதென்று தெரியாமல் விழிப்பார்கள். வீட்டார் இதைப் பிடிவாதம் என்று எண்ணிக் கோபித்துக்கொள்வதைப் பலமுறை பார்த்திருக்கிறேன்.

முதல் சந்திப்பில் உங்கள் தந்தை எதை, எவ்வளவு உதவியுடன் செய்கிறார் என்று அளப்பார்கள். 1965-இல் வெளியான பார்த்தெல் அளவுகோல் இதற்கு இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. உண்பது, குளிப்பது, உடுத்துவது, மாடிப்படி ஏறுவது உள்ளிட்ட பத்துச் செயல்களுக்கு மொத்தம் 100 மதிப்பெண். 100 பெற்றவர் கடைக்கணக்குப் பார்ப்பார் என்று அதற்குப் பொருளில்லை என்பதால், எண்ணைக் காட்டிலும் அவர் எதைத் தானே செய்ய விரும்புகிறார் என்ற கேள்விக்கு நான் அதிக எடை கொடுப்பேன். அதை அம்மாவிடம் கேட்காமல் அப்பாவிடமே கேளுங்கள்.

நம் வீடுகளில் பெரும்பாலும் முதலில் எழுவது சாப்பாட்டுப் பிரச்சினைதான். வலது கை செயலிழந்தவர் இடது கையால் உண்ணக் கூசுகிறார். பிறர் முன் அப்படி உண்பதைவிட மனைவி ஊட்டுவதே மேல் என்று நினைக்கிறார். இந்தக் கூச்சத்தைக் கேலி செய்யக் கூடாது. இடது கையில் கரண்டியைக் கொடுத்தால் பெரும்பாலோர் ஒப்புக்கொள்கிறார்கள். வலது கை விரல்கள் கொஞ்சம் மடங்கினால், கரண்டியின் பிடியில் துணியோ நுரைக்குழாயோ சுற்றித் தடிமனாக்கி, நாளில் சில கவளங்களையாவது அந்தக் கையால் உண்ணச் செய்யலாம். தட்டையான தட்டுக்குப் பதிலாக விளிம்பு உயர்ந்த தட்டை வைத்து, அடியில் ஈரத்துணி விரித்தால் தட்டு நகராது. சாப்பிடும்போது இருமலோ புரையேற்றமோ வந்தால் இந்தப் பயிற்சியை நிறுத்திவிட்டு, விழுங்கும் திறனை முதலில் பரிசோதிக்க வேண்டும்.

சட்டை அணியும்போது செயலிழந்த கையை முதலில் நுழைக்க வேண்டும். கழற்றும்போது நல்ல கையை முதலில் எடுக்க வேண்டும். இடுப்பில் வெல்க்ரோ ஒட்டும் வேட்டி துணிக்கடைகளிலேயே கிடைக்கிறது. குளியலறையில் வழுக்காத உறுதியான நாற்காலியும் சுவரில் கைப்பிடியும் வேண்டும். வெந்நீரின் சூட்டை உணர்வுள்ள இடது கையால் பார்க்கப் பழக்க வேண்டும். அவரைத் தூக்கிவிடும்போது எவரும் வலது கையைப் பிடித்து இழுக்கக் கூடாது, ஏனெனில் தளர்ந்த தோள் மூட்டு எளிதில் விலகும்.

அம்மாவுக்குச் சொல்ல வேண்டியது கொஞ்சம் கடினமானது. அவர் ஐந்து நிமிடத்தில் போட்டுவிடும் சட்டையைத் தந்தை தானே போட அரை மணி நேரமாகலாம், ஆனால் அந்த அரை மணி நேரம்தான் சிகிச்சை. எல்லாவற்றையும் ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம். முதலில் பொத்தான் மட்டும் போட உதவுங்கள், பிறகு அதையும் அவரிடம் விட்டுவிடுங்கள். அவசரமான காலை வேளையில் உதவிவிட்டு, மாலையில் பயிற்சியை வைத்துக்கொள்வதில் தவறில்லை.

பயன்படுத்தாத கையை மூளையும் மெல்லக் கைவிடுகிறது. இதை ஆராய்ந்த அமெரிக்க உளவியலாளர் எட்வர்ட் டாப் உருவாக்கிய முறையில், நல்ல கைக்கு உறை மாட்டிவிட்டு, பாதிக்கப்பட்ட கையால் பல மணி நேரம் வேலை செய்விப்பார்கள். மணிக்கட்டிலும் விரல்களிலும் ஓரளவு அசைவு திரும்பியவர்களுக்கே அது பொருந்தும். கைத்தடியைப் பிடிக்கும் கையை வீட்டில் நீங்களாகக் கட்டிவைத்தால் விழுந்துவிடும் ஆபத்து உண்டு. நிபுணர் சொல்லாமல் முயல வேண்டாம்.

வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, சென்னை கே.கே. நகரிலுள்ள அரசு மறுவாழ்வு மருத்துவ நிலையம், முட்டுக்காட்டிலுள்ள பல்வகை மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய நிறுவனம் ஆகியவற்றில் இந்தச் சேவை உண்டு. கோவையிலும் இத்துறை நிபுணர்கள் இருக்கிறார்கள். தொலைவு காரணமாக மாதம் ஒருமுறைதான் போக முடியும் என்றால், குளியலறை, கழிப்பறை, படுக்கை ஆகியவற்றின் படங்களைக் கைப்பேசியில் எடுத்துச் சென்று, வீட்டுப் பயிற்சியை எழுதி வாங்கிவாருங்கள். 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கு வரும் பிசியோதெரபி நிபுணரிடம் அந்தத் தாளைக் காட்டினால் இருவர் பயிற்சியும் ஒன்றோடொன்று இசையும்.

கடையைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அவர் நிச்சயம் யோசித்துக்கொண்டிருப்பார். சில்லறை எண்ணுவது, இடது கையால் கணக்கெழுதுவது, கைப்பேசியில் பணம் வந்ததைச் சரிபார்ப்பது ஆகியவற்றையும் பயிற்சியில் சேர்க்கும்படி நிபுணரிடம் கேளுங்கள். உடல் ஒத்துழைத்தால், கூட்டமில்லாத மதிய வேளையில் ஒரு மணி நேரம், பக்கத்தில் ஒருவர் துணையிருக்க, கல்லாவில் உட்காரவையுங்கள்.